டம்ளர் சத்தம் முடிவு செய்த வால்யூம்: சமுதாய வானொலி நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் சமுதாய வானொலி நிலையங்களை நடத்தும் பெரியவர்களுக்கும், அங்கே எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். தன்னார்வலனாக ஒரு நிலையத்துக்குள் வந்தேன், நிகழ்ச்சி தயாரித்தேன், இப்போது கூப்பிடும் ஊருக்கெல்லாம் போய் எடிட்டிங் சொல்லித் தருகிறேன். போகும் இடத்திலெல்லாம் ஒரே பழக்கத்தைப் பார்க்கிறேன். எடிட் முடிந்ததும் கடைசி வேலையாக எல்லோரும் ‘நார்மலைஸ்’ அழுத்துகிறார்கள். பேட்டியோ, பாட்டோ, விளம்பரமோ, எதுவாக இருந்தாலும் அதன் மிக உயரமான இடம், அதாவது உச்சம், மைனஸ் 1 டெசிபெல்லுக்கு (கோப்பு தாங்கும் எல்லை பூஜ்ஜியம்) வந்துவிட்டால் லெவல் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். பல வருடம் அதைச் செய்தவன் என்ற முறையில் கேட்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் ஓர் உப்பளத்துக்குப் போனோம். நாற்பது வருடமாக உப்பு வாரும் ஓர் அக்காவிடம் பேசிப் பதிவு செய்தோம். வரப்பு ஓரத்தில் கிடந்த ஒரு பலகையின் மேல் ரெக்கார்டரை வைத்தோம். அக்கா சத்தமாகப் பேசுகிறவர் இல்லை. வெள்ளை வெயில் கண்ணை எப்படிக் கூசவைக்கும், பாதத்து வெடிப்பில் உப்புத்தண்ணீர் இறங்கினால் எப்படி இருக்கும், பிள்ளையை வரப்பில் படுக்கவைத்துவிட்டுப் பாத்திக்குள் இறங்கிய நாட்கள் எல்லாவற்றையும் ஒரே சீராக, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார். முடிவில் வரக்காப்பி குடித்துவிட்டு எவர்சில்வர் டம்ளரை அதே பலகையில் ‘டக்’கென்று வைத்தார். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஒரு கதை முடிந்த சத்தம் மாதிரி இருந்தது. எடிட்டில் அப்படியே விட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி 28 நிமிடம் வந்தது. வழக்கம்போல நார்மலைஸ் அழுத்தி, நடுவில் ஒரு சினிமாப் பாட்டு வைக்க இடம் விட்டு அனுப்பினேன்.

ஒலிபரப்பான அன்று அக்கா வீட்டுப் பக்கத்து டீக்கடையில் அவரோடு உட்கார்ந்து கேட்டோம். அக்காவின் குரல் வந்தது. பாய்லர் இரைச்சலுக்கும் ரோட்டில் போகும் வண்டிக்கும் நடுவே அது கேட்கவே இல்லை. டீ மாஸ்டர் கைத்துண்டில் விரலைத் துடைத்துவிட்டு வந்து ரேடியோவின் குமிழை நன்றாகத் திருகி வைத்தார். இப்போது கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்புறம் பாட்டு வந்தது. கடை அதிர்ந்தது. மாஸ்டர் ஓடிவந்து குமிழைப் பின்னால் திருகினார். பாட்டு முடிந்தது, அக்கா மறுபடி பேசினார், ஆனால் மாஸ்டர் திரும்ப வரவில்லை. கடையில் கூட்டம். இன்னொரு முறை கையைத் துடைத்துக்கொண்டு வர அவருக்கு நேரம் இல்லை. நிகழ்ச்சியின் பின்பாதியை அந்தக் கடையில் யாரும் கேட்கவில்லை. சொந்தக் குரலை அக்காவும் கேட்கவில்லை.

அன்றைக்கு நான் மைக்கைத்தான் சந்தேகப்பட்டேன். நல்ல மைக் வாங்கினோம். பிரச்சினை போகவில்லை. ரொம்ப நாள் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து, உரப்பை, அதாவது காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தெரிகிறது என்பதை, அளக்கும் மீட்டரில் ஓடவிட்டபோதுதான் புரிந்தது. நிகழ்ச்சியும் பாட்டும் உச்சத்தில் ஒன்றுதான், இரண்டும் மைனஸ் 1. ஆனால் உரப்பில் அக்காவின் பேச்சு மைனஸ் 29, பாட்டு மைனஸ் 9. இருபது டெசிபெல் வித்தியாசம். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தெரியும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் பாட்டு அக்காவை விட நான்கு மடங்கு உரக்கப் பேசியிருக்கிறது.

திரையில் அலைவடிவத்தைப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. 28 நிமிடமும் மெல்லிய கோடு, கடைசியில் ஆணி மாதிரி ஒரு குத்து. அதுதான் டம்ளர். ஒலியின் உயரத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து மாதிரிகளாக (சாம்பிள்) எழுதிவைக்கும் பதிவில் 28 நிமிடத்துக்குச் சுமார் 7.4 கோடி மாதிரிகள் இருக்கும். நார்மலைஸ் அத்தனையையும் பார்த்து, அதில் மிக உயரமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அது மைனஸ் 1-ஐத் தொடும்வரை மொத்தக் கோப்பையும் ஏற்றுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நாற்பது வருட வாழ்க்கையைச் சொன்ன குரல் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதை டம்ளர் சத்தத்தின் ஒரே ஒரு சாம்பிள் முடிவு செய்துவிட்டது.

உச்சம் வேறு, உரப்பு வேறு என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினமே இல்லை. கோயில் வாசலில் மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும். தவிலில் விழும் ஒரு அடி ஊசிமுனை மாதிரி எழுந்து உடனே அடங்கிவிடும். நாதஸ்வரம் அப்படி இல்லை, மூச்சு நிற்கும்வரை நிறைந்து நிற்கும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒரே உச்சத்துக்கு ஏற்றிக் கேளுங்கள். நாதஸ்வரம்தான் காதை நிறைக்கும். காது ஒரு நொடிப்பொழுதின் உயரத்தை வைத்து ‘சத்தம்’ என்று முடிவு செய்வதில்லை. ஒலி எவ்வளவு நேரம், எவ்வளவு நிறைந்து நிற்கிறது, எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்று சேர்த்துத்தான் முடிவு செய்கிறது.

இன்றைய பாட்டுகளில் பெரும்பாலானவை ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கம்ப்ரெஸரும், உச்சத்தை ஓர் எல்லைக்கு மேல் விடாத லிமிட்டரும் போட்டு அழுத்தி வருகின்றன. அலைவடிவம் செங்கல் மாதிரி இருக்கும். உச்சமும் சராசரியும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டிருக்கும். 1960களின் பாட்டில் அவை இரண்டுக்கும் நடுவே நிறைய காற்று இருக்கும். வயலில், கடற்கரையில், சமையலறையில் நாம் பதிவு செய்யும் பேச்சில் இன்னும் அதிகம். இருமல், சிரிப்பு, மைக்கில் பட்ட கை, கதவு சாத்தும் சத்தம் எல்லாம் அதில் உண்டு. மூன்றையும் ஒரே உச்சத்துக்கு நார்மலைஸ் செய்தால், அழுத்தி வந்த பாட்டு மேலே, பழைய பாட்டு நடுவில், நம் ஊர்ச்சனங்களின் பேச்சு அடியில். எந்த நிலையத்தில் போய்ப் பார்த்தாலும் இந்த வரிசை மாறுவதே இல்லை.

எனக்கு மனசு வலிப்பது இங்கேதான். நம் நிலையங்களுக்கு உரிமம் கொடுத்த கொள்கையே, நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி அந்த ஊரிலேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்கிறது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4-இல் தொடங்கியதிலிருந்து, பெரிய வானொலியில் இடம் கிடைக்காத குரலுக்கு நாம் இடம் கொடுப்போம் என்றுதான் சொல்லி வருகிறோம். இடம் கொடுத்துவிட்டோம். ஆனால் சினிமாப் பாட்டுக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் கொடுத்த சத்தத்தில் கால் பங்குதான் அந்தக் குரலுக்குக் கொடுத்தோம். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல, ஒரு பட்டனால் வந்தது.

அப்படியென்றால் உச்சத்தைப் பார்க்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் வேறு இடத்தில். எஃப்எம்மில் ஒலிக்கு ஏற்ப டிரான்ஸ்மிட்டரின் அதிர்வெண் தன் இடத்திலிருந்து நகரும் அலைவு 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஒலி சிதையும், பக்கத்து அலைவரிசைக்கும் தொந்தரவு. அதற்காகத்தான் டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் லிமிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்கச் சொல்லவில்லை. எடிட்டிங் மேசையில் நாம் மைனஸ் 1-க்கு ஏற்றிவைப்பதால் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு பாதுகாப்பும் கிடைப்பதில்லை. எஃப்எம் வழியில் உயர் அதிர்வெண்களைத் தூக்கி அனுப்பும் ப்ரீ-எம்ஃபசிஸ் இருக்கிறது. ‘ஸ்’, ‘ச்’ என்ற சத்தங்கள் அதனால் இன்னும் மேலே எழும். ஆகவே கோப்பில் நாம் பார்த்த உச்சம், கடைசியில் டிரான்ஸ்மிட்டர் பார்க்கும் உச்சமே இல்லை. அந்தக் காவலை லிமிட்டரிடம் விட்டுவிட்டு, கேட்கிறவரின் காதை நாம் பார்த்துக்கொள்வோம்.

பழைய ஒலிப்பதிவுக் கூடங்களில் முள் ஆடும் வியு மீட்டர் இருந்தது. அமெரிக்காவில் 1939 வாக்கில் பெல் ஆய்வுக்கூடமும் இரண்டு வானொலி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. அதன் முள் எழுந்து நிலைக்கச் சுமார் 0.3 வினாடி ஆகும். அதனால் டம்ளர் சத்தம் மாதிரி ஒரு குத்தை அது முழுசாகப் பார்க்காது, பேச்சின் சராசரியைத்தான் காட்டும். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் அந்த முள்ளையும் காதையும் வைத்தே லெவல் போட்டார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு முள் போய், பூஜ்ஜியத்தை உச்சமாகக் கொண்ட டிஜிட்டல் மீட்டர் வந்தது. சிவப்பு எரியாமல் பார்த்துக்கொள்வதே லெவல் போடுவது என்று ஆகிப்போனது. காதுக்கு நெருக்கமாக இருந்த ஓர் அளவையை விட்டு, காதுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அளவைக்கு நாம் வந்து சேர்ந்தோம்.

உலகம் முழுக்க ஒலிபரப்புக்காரர்கள் இதில் அடிபட்டுத்தான் வெளியே வந்தார்கள். 2006-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பிஎஸ்.1770 என்ற பரிந்துரையைக் கொண்டுவந்தது. உரப்பை அளக்க எல்லோருக்கும் பொதுவான ஒரு முறை அதில்தான் கிடைத்தது. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர் 128 என்ற பரிந்துரையை வெளியிட்டு, இனி உச்சத்தை வைத்துச் சமன் செய்ய வேண்டாம், உரப்பை வைத்துச் செய்வோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. இலக்கு மைனஸ் 23. உச்சம் மைனஸ் 1-ஐத் தாண்டக்கூடாது என்பது அதில் வெறும் எல்லைக்கோடு. அமெரிக்காவில் விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது, ஆனால் அது தொலைக்காட்சிக்கு மட்டும். நம் நாட்டிலும் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் விளம்பரம் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக்கூடாது என்று ஒரு வரி உண்டு. எத்தனை டெசிபெல் என்று அதில் இல்லை. நம் சின்ன நிலையங்களுக்கு யாரோ வந்து அளவு போட்டுத் தருவார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. அளவு ஏற்கெனவே இருக்கிறது, கருவியும் இலவசமாகக் கிடைக்கிறது.

இந்த அளவையின் பெயர் எல்யூஎஃப்எஸ். ஸ்டுடியோவில் ‘லஃப்ஸ்’ என்பார்கள். மைனஸ் எண்ணாக வரும். பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க உரப்பு கூடும். இது கணக்கிடும் விதத்தை ஒருமுறை புரிந்துகொண்டால் அப்புறம் நம்பிக்கை வரும். முதலில், காது மாதிரியே தாழ்ந்த அதிர்வெண் உறுமலைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, பேச்சுக்குத் தெளிவு தரும் மேல் அதிர்வெண்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. பிறகு ஒலியை 0.4 வினாடித் துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி எடுத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்க்கிறது. சராசரி எடுக்கும்போது அமைதியான துண்டுகளை விட்டுவிடுகிறது. மைனஸ் 70-க்குக் கீழே இருப்பதெல்லாம் கணக்கில் இல்லை. மீதியின் சராசரியை விடப் பத்து டெசிபெல் தாழ்ந்து கிடப்பவையும் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குக் ‘கேட்’ என்று பெயர். நமக்கு இது எவ்வளவு முக்கியம் தெரியுமா? ஒரு பாட்டி கேள்வியைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, அப்புறம்தான் பேசுவார். அந்த இடைவெளியெல்லாம் சராசரியைக் கீழே இழுத்தால் அளவு தப்பிவிடும். கேட் இருப்பதால் அவர் பேசிய நேரம் மட்டும் கணக்கில் வருகிறது. அவருடைய மௌனத்தை வெட்டி எறியவும் வேண்டாம்.

சரி, மேசையில் என்ன செய்வது? நம்மில் பெரும்பாலோர் ஆடாசிட்டி என்ற இலவச எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். எஃபெக்ட் மெனுவில் ‘நார்மலைஸ்’ என்று ஒன்று இருக்கும். அது உச்சத்தைப் பார்ப்பது. 2020-இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்று இன்னொன்றும் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுங்கள். அது எடுத்த எடுப்பிலேயே மைனஸ் 23 என்றுதான் காட்டும். கீழே மோனோவை (ஒற்றைத் தடப் பதிவை) இரட்டை மோனோவாகக் கருது என்ற பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்க வேண்டும். வெளியில் போய் எடுக்கும் பேட்டி எல்லாம் மோனோ. ஒலிபரப்பில் அது இரண்டு ஸ்பீக்கரிலும் வரும்போது 3 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும். டிக் இல்லாவிட்டால் பேச்சுக்கும் ஸ்டீரியோப் பாட்டுக்கும் நடுவே அந்த 3 டெசிபெல் வித்தியாசம் வந்து நிற்கும். ஒரு நிலையத்தில் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு இதைத்தான் கண்டுபிடித்தோம்.

உப்பள நிகழ்ச்சியை நான் எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்கிறேன். மைனஸ் 29-இல் இருந்த பேச்சை மைனஸ் 23-க்குக் கொண்டுவர 6 டெசிபெல் ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினால் டம்ளர் பூஜ்ஜியத்தைத் தாண்டி உடையும். ஆகவே டம்ளர் விழும் அந்த அரை வினாடியை மட்டும் தேர்ந்தெடுத்து 10 டெசிபெல் குறைத்தேன். சத்தம் போகவில்லை, டம்ளர் டம்ளராகத்தான் கேட்கிறது, அதட்டவில்லை. அப்புறம் மொத்தத்தையும் ஏற்றினேன். பாட்டைத் தனியாக எடுத்து 14 டெசிபெல் இறக்கினேன். பத்து நிமிட வேலை. லிமிட்டர்கூடத் தேவைப்படவில்லை.

‘தனியாக எடுத்து’ என்று எழுதியதைக் கவனியுங்கள். நிறைய பேர் தடுக்கி விழும் இடம் அதுதான். பேட்டி, பாட்டு, ஜிங்கிள் எல்லாவற்றையும் ஒட்டி ஒரு மணிநேரக் கோப்பாக்கிவிட்டு, அதன் மேல் லவுட்னஸ் நார்மலைசேஷன் போட்டால் ஒரு பயனும் இல்லை. மொத்தம் மைனஸ் 23 என்று மீட்டர் அழகாகக் காட்டும், உள்ளே பாட்டு கத்தும், பேச்சு முனகும். இன்னும் மோசம், பாட்டு ரொம்ப உரக்க இருந்தால் முன்னே சொன்ன அதே கேட், தாழ்ந்த பேச்சை அமைதி என்று நினைத்துக் கணக்கிலிருந்தே தள்ளிவிடும். எண் சரியாக இருக்கும், நிகழ்ச்சி சரியாக இருக்காது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சமன் செய்துவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. கோயில் திருவிழாக் கச்சேரியை ஒலிபரப்பும்போது அதைத் துண்டு போட்டு ஒவ்வொன்றையும் மைனஸ் 23-க்குக் கொண்டுவராதீர்கள். மெதுவாக எழும் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வந்தால் கச்சேரியின் உயிர் போய்விடும். முழுக் கச்சேரியையும் ஒன்றாக அளந்து, ஒரே அளவு ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். ஒப்பாரி, வில்லுப்பாட்டு, தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் இதேதான். குரல் தழுதழுத்துக் கீழே இறங்கும் இடம் இறங்கியே இருக்கட்டும்.

பாட்டு நூலகத்தில் ஆயிரக்கணக்கான எம்பி3 கோப்புகள் இருக்கும். அவற்றைத் திறந்து, மாற்றி, மறுபடி எம்பி3-ஆகச் சேமிக்க வேண்டாம், தரம் இன்னும் குறையும். கோப்பைத் தொடாமல், இவ்வளவு இறக்கி ஒலிபரப்பு என்று குறிப்பு மட்டும் எழுதிவைக்கும் ரீப்ளேகெயின் முறை இருக்கிறது. லிப்ரேடைம் மாதிரி இலவச ஒலிபரப்பு மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்துத் தானே சரிசெய்யும். நீங்கள் வேறு மென்பொருள் வைத்திருந்தால், பாட்டை உள்ளே ஏற்றும்போது அது உச்சத்தைப் பார்க்கிறதா, உரப்பைப் பார்க்கிறதா என்று ஒருமுறை அமைப்புகளைத் திறந்து பாருங்கள். நான் பார்த்த பலவற்றில் உச்சம்தான் போட்டு வைத்திருந்தார்கள். நேரலையில் பேசும் தம்பி தங்கைகளுக்கு யூலீன் என்ற மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். அதில் மூன்று வினாடிச் சராசரி என்று ஓர் எண் ஓடும். பேசும்போது அது மைனஸ் 23-ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தால் சரி. அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு பேச வேண்டாம், அரைமணிக்கு ஒருமுறை கண் போனால் போதும்.

இதைச் சொல்லும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வி வரும். “அண்ணே, பக்கத்து எஃப்எம் எல்லாம் காதைப் பிளக்குது. நாம மட்டும் மைனஸ் 23-ல போனா, திருப்பிட்டு வர்றவங்க நம்ம ஸ்டேஷன் டல்லா இருக்குன்னு போயிட மாட்டாங்களா?” நியாயமான பயம். இரண்டு வேலையைப் பிரித்துப் பார்த்தால் பயம் போய்விடும். மைனஸ் 23 என்பது ஸ்டுடியோவுக்குள் பேச்சும் பாட்டும் விளம்பரமும் ஒன்றுக்கொன்று சமமாக இருப்பதற்கான எண். எல்லாம் சமமான பிறகு, டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒலியை ஏற்றி இறக்கிச் சீராக்கும் பிராசஸரில் மொத்தமாக எவ்வளவு ஏற்ற வேண்டுமோ ஏற்றிக்கொள்ளுங்கள். அப்போது பிராசஸருக்கும் வேலை சுலபம். ஒரு நிமிடம் 20 டெசிபெல் தாழ்ந்து, அடுத்த நிமிடம் உயர்ந்து வந்தால், அது பேச்சின் நடுவே இரைச்சலையும் மூச்சையும் சேர்த்துத் தூக்கிவிடும். சீராகக் கொடுத்தால் சீராக அனுப்பும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நம் ஆற்றல் 100 வாட் அளவுதான். எல்லையில் இருக்கும் கிராமத்தில் இரைச்சலோடுதான் நம் குரல் போய்ச் சேரும். கேட்கும் வீட்டில் மிக்ஸி ஓடும், தறி ஓடும். அங்கே ரொம்பத் தாழ்ந்த சொல் எல்லாம் காணாமல் போகும். ஆகவே பேச்சுக்குக் கொஞ்சம் கம்ப்ரெஸர் போடுவதில் தப்பே இல்லை, இரண்டுக்கு ஒன்று (எல்லைக்கு மேல் இரண்டு டெசிபெல் எழுந்தால் ஒன்றை மட்டும் விடுவது), மிஞ்சிப்போனால் மூன்றுக்கு ஒன்று. அதைப் போட்ட பிறகு உரப்பைச் சமன் செய்யுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

விளம்பரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நிலையத்தில் லெவலைச் சரிசெய்த வாரமே ஒரு கடைக்காரர் வந்துவிட்டார். “என் விளம்பரத்தைக் குறைச்சிட்டீங்க” என்று கோபம். அவரை உட்காரவைத்து, அரைமணி நேர ஒலிபரப்பைப் பழைய முறையிலும் புதிய முறையிலும் போட்டுக் காட்டினோம். பழையதில் அவருடைய விளம்பரம் வந்ததும் அவரே கையை நீட்டி ஸ்பீக்கரைக் குறைத்தார். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. விளம்பரத்தை ஒப்பந்தம் செய்யும் பெரியவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்துகாட்டத் தயாராக இருந்தால், எடிட்டிங் மேசையில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பெரிய துணையாக இருக்கும். லெவலைக் கூட்டச் சொல்லி அவர்களுக்குத்தான் முதலில் போன் வருகிறது.

பேச்சும் பாட்டும் ஒரே எண்ணில் இருந்தால்கூட, சில பாட்டு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். மீட்டருக்குச் சொல்லின் அருமை தெரியாது. என் வழக்கம், பாட்டை இரண்டு டெசிபெல் கூடுதலாக இறக்கி, பேச்சை முன்னால் நிறுத்துவது. நீங்கள் உங்கள் ஊர்க் காதை வைத்து முடிவு செய்யுங்கள். சின்ன ஸ்பீக்கர் உள்ள ஒரு பழைய ரேடியோவை ஸ்டுடியோவில் வைத்து அதில் கேட்டுப் பாருங்கள், ஹெட்போனில் மட்டும் கேட்காதீர்கள்.

நிலையங்களை நடத்தும் பெரியவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாம் நிகழ்ச்சிகளை ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிறோம். மீனவர் நிகழ்ச்சி மலைப்பக்கம் போகிறது, மலைவாழ் மக்களின் பாட்டு கடலோரம் வருகிறது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு லெவலில் அனுப்புவதால், வாங்குகிறவர் மறுபடி நார்மலைஸ் அழுத்துகிறார், மறுபடி டம்ளர் ஜெயிக்கிறது. நாம் சந்திக்கும் அடுத்த கூட்டத்தில் இதற்குக் கால்மணி நேரம் ஒதுக்கி, எல்லோருக்கும் பொதுவாக மைனஸ் 23 என்று பேசி முடித்துவிடலாம். கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணையும் எழுதி அனுப்பலாம். பெரிய செலவு இல்லை, புதுக் கருவி இல்லை.

உப்பள நிகழ்ச்சியின் இரண்டு கோப்புகளும் என்னிடம் இருக்கின்றன, அன்றைக்கு ஒலிபரப்பானதும் பிறகு சரிசெய்ததும். எந்த நிலையம் கேட்டாலும் இரண்டையும் தருகிறேன். பக்கத்து டீக்கடையில் ஒரு ரேடியோவில் போட்டு, குமிழைத் தொடாமல் 28 நிமிடமும் கேட்டுப் பாருங்கள். சரிசெய்ததை அந்த அக்காவுக்கு அதே கடையில் போட்டுக் காட்டினோம். மாஸ்டர் பாய்லர் பக்கத்திலேயே நின்றார். டம்ளர் சத்தம் வந்ததும் அக்கா, “அது அந்தப் பலகைதானே” என்றார்.

அன்புடன்,
உங்களோடு எடிட்டிங் மேசையில் உட்காரும் ஒருவன்